காதுக்கு எட்டாத கோப்புகள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டத்தில் அரசு அலுவலர்கள் இருக்கிறீர்கள், பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், அச்சகம் நடத்துபவர்கள், டிடிபி வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள். இரண்டு மூன்று பதிப்பாளர்களும் வந்திருப்பதாகச் செயலாளர் காதில் சொன்னார். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கூட்டம் என்றால் எங்கள் தன்னம்பிக்கையைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவைப்பது வழக்கம். வீட்டில் பொன்னாடை போதுமான அளவு சேர்ந்துவிட்டது. ஆகவே இன்றைக்கு எங்களை விட்டுவிட்டு, உங்கள் கோப்புகளைப் பற்றிப் பேசலாம்.

நான் பார்வையற்றவன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். படிப்பது, எழுதுவது, வினாத்தாள் தயாரிப்பது, மதிப்பெண் ஏற்றுவது எல்லாமே இந்த மடிக்கணினியில்தான். இதை ஒலிபெருக்கியோடு இணைத்திருக்கிறோம். எனக்கு வந்த ஒரு சுற்றறிக்கையைத் திறக்கிறேன். நான்கு பக்கம் என்று நண்பர் சொல்கிறார். முத்திரையெல்லாம் இருக்கிறதாம். இப்போது கணினி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

(கணினிக் குரல்: “பிளாங்க்.”)

அவ்வளவுதான். அம்பு விசையை எத்தனை முறை தட்டினாலும் பிளாங்க். இன்னொரு கோப்பைத் திறக்கிறேன். இது ஒரு கருத்தரங்க மலர்க் கட்டுரை. தலைப்பில் ‘தமிழ்’ என்ற சொல் இருக்கிறது. எழுத்தெழுத்தாக நகர்த்துகிறேன்.

(கணினிக் குரல்: “ஜே. கே. பி. ஓ. செமிகோலன்.”)

இதுதான் தமிழ். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ். டிடிபி நண்பர்கள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. அவர்களுக்கு இது மனப்பாடம்.

கணினி ஏன் இப்படிப் பேசுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது. பிறகு அவருடைய நண்பர் ஒருவர் சேர்ந்துகொண்டார், அவரும் பார்வையற்றவர். விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இந்த மென்பொருள் திரையில் தெரிவதைப் பார்த்துப் படிப்பதில்லை. கோப்புக்குள் எந்த எழுத்து எந்த வரிசையில் பதிவாகியிருக்கிறது, எது தலைப்பு, எது அட்டவணை, எது இணைப்பு என்று கேட்டு வாங்கி, அதைக் குரலாக்குகிறது. உள்ளே எழுத்து இருந்தால் பேசும். எழுத்தின் படம் மட்டும் இருந்தால் அதற்குப் பேச ஒன்றுமில்லை. உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. தாளில் எப்படித் தெரிகிறதோ அதுதான் ஆவணம் என்று நாம் பழகிவிட்டோம். கணினி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த நான்கு பக்கச் சுற்றறிக்கை பிறந்த கதையை நானே சொல்லிவிடலாம். அலுவலகத்தில் ஒருவர் அதை வேர்டில் அடித்தார். அப்போது அது அருமையான கோப்பு, என் கணினி அதைக் கடகடவென்று படித்திருக்கும். பிறகு அச்சிட்டார்கள். அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. தாளை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்பினார்கள். மின்னணுவாக இருந்ததைத் தாளாக்கி, தாளை மறுபடி மின்னணுவாக்கி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டதில், நான்கு பக்க எழுத்தும் புகைப்படமாகிவிட்டது. ஒரு கையெழுத்துக்காக!

இது என் சொந்தப் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் பாரத ஸ்டேட் வங்கி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியது. வழக்கு வேறு விஷயம். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் மொழிநடை புரியவில்லை என்பதில் தொடங்கி, தீர்ப்புகளை எப்படி எழுத வேண்டும் என்று நீதிபதிகள் விரிவாகச் சொன்னார்கள். போகிற போக்கில் இதையும் சேர்த்தார்கள்: தீர்ப்புகளை அச்சிட்டு ஸ்கேன் செய்து ஏற்றாதீர்கள், அது வீண்வேலை, டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள், பக்கத்தின் நடுவில் நீர்க்குறி போடாதீர்கள், திரைவாசிப்பான் தடுமாறுகிறது. நீதிமன்றங்களுக்குச் சொன்னதுதான். ஊராட்சி அலுவலகத்துக்கும் அப்படியே பொருந்தும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2016-ல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 42-ஆவது பிரிவு ஒலி, அச்சு, மின்னணு என எந்த வடிவில் உள்ள தகவலும் எங்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2017 விதிகளில் 15-ஆவது விதி இன்னும் பச்சையாகச் சொல்லியது. இணையதளத்தில் வைக்கும் ஆவணங்கள் இ-பப் என்ற மின்னூல் வடிவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் வழியே எழுத்தாக்கப்பட்ட பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த அரசு ஆவணங்களில் எத்தனை இப்படி வந்தன என்று உங்களில் அரசு அலுவலர்களாக இருப்பவர்களே சொல்லலாம். ராஜீவ் ரதூரி என்பவர் 2005-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த 15-ஆவது விதியின் முதல் உட்பிரிவையே செல்லாது என்றது. காரணம் சுவையானது. சட்டம் ‘செய்தே ஆக வேண்டும்’ என்கிறது, விதியோ ‘இப்படிச் செய்தால் நல்லது’ என்கிற வழிகாட்டிகளைக் கைகாட்டிவிட்டு நிற்கிறது. கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் எழுதுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் உள்ள தூரத்தை, பதில் வராத கடிதங்களை எழுதி எழுதி அறிந்தவர்கள் நாங்கள்.

சரி, ஸ்கேன் செய்தால் என்ன, ஓசிஆர் போட்டுப் படித்துக்கொள்ளலாமே என்பார்கள். இப்போது அதோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. “சார், போன்ல போட்டோ எடுத்தாலே படிக்குதே, உங்களுக்கு இனிமே என்ன பிரச்சினை?” என்று என் மாணவர்களே கேட்கிறார்கள். ஓசிஆர் மீது எனக்கு நன்றி உண்டு. 1976-ல் அமெரிக்காவில் ரேமண்ட் கர்ஸ்வைல் பார்வையற்றவர்களுக்கான வாசிப்புப் பொறியை வெளியிட்டார். அச்சு எழுத்தை அடையாளம் கண்டு உரக்கப் படிக்கும் இயந்திரம். முதல் இயந்திரத்தை வாங்கிக்கொண்டவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். இன்று உங்கள் அலுவலக ஸ்கேனர்களில் ஓடும் நுட்பத்தின் வரலாற்றில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஆனால், எழுத்தாக இருந்ததைப் படமாக்கி, படத்திலிருந்து மறுபடி எழுத்தைப் பிரிப்பது, சோற்றை நெல்லாக்கப் பார்க்கிற வேலை. தமிழில் துணைக்காலும் ‘ர’வும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். நீங்கள் பொருளை வைத்துப் பிரித்தறிகிறீர்கள். இயந்திரம் பல சமயம் கோட்டைவிடுகிறது. கதையில் ஒரு கால் ‘ர’ ஆகிப்போனால் சிரித்துவிட்டுத் தாண்டலாம். மருந்துச் சீட்டில் அளவு மாறினால்? வங்கிக் கணக்கு எண்ணில் 3, 8 ஆனால்? சரிபார்க்க எனக்கு மூலம் தெரியாதே. பிழையிருப்பதே எனக்குத் தெரிய வராது. அதுபோக, என் மருத்துவ அறிக்கையையும் சம்பளச் சீட்டையும் எந்த நிறுவனத்தின் கணினிக்கோ அனுப்பித்தான் படித்துக்கொள்ள வேண்டுமா? உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எனக்கு மட்டும் ஏன்?

எழுத்துரு விவகாரத்துக்கு வருகிறேன். இது தமிழுக்கே உரிய வினை என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். யூனிகோடில் ‘த’வுக்கென்று ஓர் எண் உண்டு, அது உலகம் முழுக்க ‘த’தான். 1991-ல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் நம் அச்சகங்களும் அலுவலகங்களும் வேறு வழியில் வளர்ந்தன. ஆங்கில எழுத்துக்கான எண்ணை வைத்துக்கொண்டு, அதன் மேல் தமிழ் உருவத்தை ஒட்டினார்கள். பாமினியில் ‘ஜே’ விசையை அழுத்தினால் ‘த’ தெரியும். உள்ளே பதிவாவது ஆங்கில ‘ஜே’தான். இன்னொரு எழுத்துருவில் அதே ‘த’வுக்கு வேறொரு எண். ஊருக்கு ஒரு முறை, நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்களை வகுத்து ஓரளவு ஒழுங்குபடுத்தினார்கள். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றைக்கும் எனக்கு வரும் கருத்தரங்கக் கட்டுரைகளில் ஜே, கே, பி, ஓ ஓய்ந்தபாடில்லை.

அச்சகத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருந்தது பேஜ்மேக்கர். அது யூனிகோடை அறியாத மென்பொருள். 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அடோபி நிறுவனம் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. தமிழ்நாட்டு அச்சகங்களில் அது இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பழகிய கை, வாங்கிய எழுத்துரு, சேர்ந்துபோன பழைய கோப்புகள். இவற்றை விட்டு வெளியே வருவது எளிதல்ல என்பது புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். கணினி வந்த பிறகு வெளியான பல்லாயிரம் தமிழ் நூல்களுக்கு எங்கோ ஒரு வன்தட்டில் கோப்பு இருக்கிறது. கோப்பு இருந்தும் அதில் தமிழ் இல்லை. தேடினால் கிடைக்காது, குரலில் வராது, பிரெயிலாகவும் மாறாது. என்னைவிடப் பதிப்பாளருக்குத்தான் நட்டம். அவரே தன் புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது.

எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. பழைய உரையை அவற்றில் ஒட்டி, பொத்தானைத் தட்டினால் பெரும்பகுதி யூனிகோடாக வந்துவிடும். மீதியை ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

யூனிகோடில் அடித்துவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று சிலர் எழுந்திருக்கப் பார்ப்பது தெரிகிறது. உட்காருங்கள். யூனிகோடில் அடித்ததையே பிடிஎஃப் ஆக்கும்போது இன்னொரு குளறுபடி நடக்கலாம். ஒகர உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பு முன்னால் தெரிகிறது, கால் பின்னால் தெரிகிறது. உள்ளே பதிவாவது அந்த வரிசையில் இல்லை. முதலில் மெய், பிறகு ஒகரக் குறி. பிடிஎஃப் சில சமயம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையையே பதிந்துகொள்கிறது. ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பு தனியே முன்னால் வந்து நிற்கும். என்விடிஏ அதைச் சொல்லாகப் படிக்காமல் உறுப்பு உறுப்பாக உதிர்க்கும். உங்கள் பிடிஎஃப் எப்படி இருக்கிறது என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே தமிழ் ஒழுங்காக நின்றால் எனக்கும் ஒழுங்காகக் கேட்கும்.

எழுத்து சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அமைப்பு. இதை விளக்க எனக்கு அயல்நாட்டு உதாரணம் தேவையில்லை. நம் பழைய நூல்கள் காதுக்காகக் கட்டப்பட்டவை. தொல்காப்பியத்துக்கு மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், இயலுக்குள் நூற்பா. திருக்குறளுக்கு 133 அதிகாரம், ஒவ்வொன்றிலும் பத்துப் பாட்டு. அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு தொடங்குகிறது, ஏடு கலைந்தாலும் வரிசை கலையாது. ஓலையில் புள்ளிகூட வைக்காமல் எழுதினார்கள், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடவில்லை. வாய்விட்டுப் படித்துத்தான் பிரித்தார்கள். வழி தெரிந்துகொள்வதற்கான குறிகளை நூலின் கட்டமைப்பிலேயே வைத்துவிட்டார்கள்.

இப்போது நம் வேர்டு கோப்புகளைப் பாருங்கள். தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் தள்ளிவிடுகிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. என் கணினிக்கு அது இன்னொரு வரி. வேர்டில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று பாணிகள் இருக்கின்றன. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தக் கோப்பிலிருந்து வரும் பிடிஎஃபிலோ இணையப் பக்கத்திலோ நான் ‘எச்’ விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தலைப்பாகத் தாவுவேன். இருநூறு பக்கப் பாடத்திட்டக் கோப்பில் மூன்றாம் பருவத்துத் தாளைச் சில நொடியில் பிடித்துவிடலாம். பாணி இல்லையென்றால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். பக்கத்தைப் புரட்டி, கண்ணை ஓட்டி, வேண்டியதைப் பிடிக்கிற வசதி உங்களுக்கு உண்டு. எனக்கு அந்த ‘எச்’ விசைதான் புரட்டல்.

திருக்குறள் உரை நூல் ஒன்றின் மின்பதிப்பை ஒருமுறை வகுப்புக்காகத் திறந்தேன். யூனிகோடுதான், பிழையில்லாத பதிப்பு. குறள் தடித்த எழுத்தில், உரை சாதாரண எழுத்தில், மேற்கோள் சாய்வெழுத்தில் இருந்ததாம். காதில் எல்லாம் ஒரே நீரோட்டமாக வந்தது. வள்ளுவர் எங்கே முடிந்தார், உரைகாரர் எங்கே தொடங்கினார் என்று பிரிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு அடிக்குறிப்பு எண்கள் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, குறளுக்கு நடுவில் பதினான்கு, பதினைந்து என்று ஒலித்தன. ஓர் எளிய ஏற்பாடு போதும். அதிகாரத்தை இரண்டாம் நிலைத் தலைப்பாக்கி, குறள் எண்ணை மூன்றாம் நிலைத் தலைப்பாக்கி, உரைக்கு முன் ‘உரை’ என்று எழுத்திலேயே போட்டிருந்தால், நானும் பார்வையுள்ளவர் வேகத்தில் பாடம் நடத்தியிருப்பேன்.

இன்னொன்று. திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும் ஊரும் இருக்கும். நம் பிடிஎஃப் நூல்களைத் திறந்தால் கணினி முதலில் சொல்லும் தலைப்பு என்ன தெரியுமா? “மைக்ரோசாஃப்ட் வேர்ட், டாக்குமென்ட் ஒன்.” கோப்பின் பண்புகளில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் போட அரை நிமிடம் ஆகும். மொழி தமிழ் என்று குறிப்பதற்கும் அவ்வளவுதான். மொழியைக் குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை எதிர்கொண்டு வாயடைத்துப் போகிறது.

அட்டவணை பற்றி ஒன்று மட்டும். முதல் வரிசை தலைப்பு வரிசை என்று குறியுங்கள், கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். அப்போதுதான் ‘பாடம்: வரலாறு, மதிப்பெண்: 62’ என்று கேட்கும். இல்லையென்றால் 62, 47, 71 என்று எண்கள் மட்டும் வரிசையாக ஓடும். யாருடைய மதிப்பெண், எந்தப் பாடம் என்று யாருக்குத் தெரியும்?

படங்களுக்கு வருவோம். இங்கே இருக்கும் இலக்கிய அமைப்பாளர்கள் மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உங்கள் கூட்ட அழைப்பிதழை அழகாக வடிவமைத்து வாட்ஸாப்பில் படமாக அனுப்புகிறீர்கள். கீழே ‘அனைவரும் வருக’ என்று இருக்குமாம். என் போன் ‘போட்டோ’ என்று மட்டும் சொல்லும். தேதி, நேரம், இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றைப் படத்துக்குக் கீழே நான்கு வரி தட்டச்சு செய்தால் நாங்களும் ‘அனைவரில்’ சேர்ந்துவிடுவோம்.

வேர்டிலும் இணையத்திலும் படத்துக்கு மாற்று உரை எழுத இடம் உண்டு. படத்தின் மேல் வலது சொடுக்கிட்டால் வரும். அதில் ‘படம் 3’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். படம் என்பது தெரியும் ஐயா, எதன் படம்? தமிழ்நாட்டு ஆறுகளின் வரைபடத்துக்கு ‘வரைபடம்’ என்று எழுதினால் மாணவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ‘காவிரி தலைக்காவிரியில் தொடங்கி, மேட்டூர், திருச்சி வழியாகப் பூம்புகாரில் கடலில் கலக்கிறது’ என்று, அந்தப் படத்திலிருந்து அவன் எதைக் கற்க வேண்டுமோ அதை எழுதுங்கள். ஓரத்தில் போட்ட குத்துவிளக்கும் மாவிலைத் தோரணமும் அலங்காரம் என்றால், அலங்காரம் என்று குறித்துவிடுங்கள், கணினி தாண்டிப் போய்விடும். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பது பாடம் தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. அதனால்தான் கடைசியில் டிடிபி செய்பவர் தலையில் இதைக் கட்டக் கூடாது என்கிறேன். எழுதிய ஆசிரியர்தான் எழுத வேண்டும்.

இதுவரை பார்வையற்றோர் கதையாகவே பேசிவிட்டேன். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பார்வைக் குறையுள்ளோர் சுமார் 50 லட்சம், மாற்றுத்திறனாளிகள் மொத்தம் 2 கோடியே 68 லட்சம். மற்றவர்களுக்கும் உங்கள் கோப்பில் கணக்கு இருக்கிறது. குறைபார்வை உள்ளவர்களுக்கு வெள்ளையில் மஞ்சள் எழுத்து தெரியாது. இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரம் முதலில் 1999-ல் வந்தது, 2023-ல் 2.2 பதிப்பு வந்திருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது அது. தவறிய பாடங்களைச் சிவப்பில் மட்டும் காட்டினால் நிறக்குருடு உள்ளவருக்கு எல்லாரும் தேர்ச்சி. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு நம் அரசுக் கடித நடையே பெரிய சுவர். ‘பார்வை ஒன்றில் காணும்’ என்று தொடங்கும் வாக்கியம் என்னையே சங்கடப்படுத்தும், அது வேறு. கை வசமில்லாதவருக்கு விசைப்பலகையால் மட்டுமே நிரப்பக்கூடிய படிவம் வேண்டும், இரண்டு நிமிடத்தில் காலாவதியாகாத ஓடிபி வேண்டும்.

காது கேளாதோர் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. ஆகவே காணொளிப் பாடத்துக்கு வசன வரிகள் அவசியம். முக்கியமான அறிவிப்புக்குச் சைகை மொழிபெயர்ப்பும் அவசியம். என் அனுபவத்துக்கு அப்பாற்பட்ட உலகம் அது. அவர்களையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

ஆவணம் என்பது இப்போது படிப்பதோடு நிற்பதில்லை, நிரப்பவும் நிரூபிக்கவும் வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் வந்த தீர்ப்பை அவசியம் அறிந்துகொள்ளுங்கள். அமிலவீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பிரக்யா பிரசுன், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் ஆகியோர் தொடுத்த வழக்குகள். வங்கிக் கணக்குத் தொடங்க, நேரலையில் கண்சிமிட்டிக் காட்டச் சொல்கிறது செயலி. கண்ணிமையே இல்லாதவர் எப்படிச் சிமிட்டுவார்? டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது.

பதிப்பாளர்களை இத்தனை நேரம் காக்க வைத்துவிட்டேன். கோப்பு கொடுங்கள் என்று கேட்டால் பலரும் அஞ்சுகிறார்கள். வெளியே போனால் திருட்டுப் பிரதி வந்துவிடுமே என்கிறார்கள். நியாயமான பயம். சட்டம் அதை யோசித்துத்தான் வைத்திருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, அச்சில் படிக்க இயலாதவருக்காக எந்த நூலையும் அவருக்கேற்ற வடிவத்துக்கு மாற்றலாம், இலாப நோக்கம் கூடாது. மறு ஆண்டு, 2013 ஜூனில், மொராக்கோவின் மாரக்கேஷ் நகரில் இதே நோக்கத்தோடு உலக உடன்படிக்கை கையெழுத்தானது. 2014-ல் அதை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. பெருமைதான். ஆனால் உரிமை மட்டும் கிடைத்தது, கோப்பு கிடைக்கவில்லை. ஆகவே என்ன நடக்கிறது? கடையில் ஒரு பிரதி வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஓசிஆர் போட்டு, தன்னார்வலர்கள் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துகிறார்கள். மதுரையில் ஒரு குழு திருத்துகிற அதே நாவலைச் சென்னையில் இன்னொரு குழு திருத்திக்கொண்டிருக்கும். பதிப்பாளர் மேசையில் அந்த நாவலின் கோப்பு முழுசாக இருக்கும்.

எங்களை மனதில் வைத்துச் செய்யாத வேலைகூட எங்களுக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு மதுரைத் திட்டம் சாட்சி. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். படமாக அல்லாமல் எழுத்தாகக் கொடுத்தார்கள். தமிழ் இலக்கியம் படித்த பார்வையற்றோர் பலருக்குச் சங்க நூல்களைத் தனியே, யார் வாயையும் பார்க்காமல் படிக்கும் வாய்ப்பு அதன் வழியேதான் முதலில் கிடைத்தது. பண்டை இலக்கியம் எங்களுக்கு எட்டுகிறது. போன மாதம் வந்த சிறுகதைத் தொகுப்புத்தான் எட்டவில்லை.

ஆகவே ஒரு கோரிக்கை வைக்கிறேன். 1948-ல் நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாராவுக்கும் மற்ற மூன்று நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கும் மேலாக, நம் பதிப்பாளர்கள் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருப்பது நூலக ஆணை. அந்த ஆணையில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். வாங்கப்படும் ஒவ்வொரு நூலுக்கும், தலைப்புகள் குறிக்கப்பட்ட யூனிகோடு இ-பப் கோப்பு ஒன்றையும் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கோப்பு பொதுவில் வராது. பதிவுசெய்த மாற்றுத்திறனாளி வாசகருக்கு மட்டும் நூலகம் வழங்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. கோப்புகளைக் காக்கும் பொறுப்பை அங்கே கொடுக்கலாம். 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலய இணைய நூலகத்தோடும் இணைக்கலாம். கோப்பு தயாரிக்கும் செலவுக்காக நூலின் விலையில் சிறு தொகை கூட்டித் தரலாம். பேஜ்மேக்கரை விட்டு வெளியே வருவதற்கு அச்சகங்களுக்கும் அது ஒரு காரணமாக இருக்கும். பழைய நூல்களை விட்டுவிடுங்கள், இனி வருபவை மட்டும் போதும். சிறு பதிப்பாளர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

இதை விண்ணப்பமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. பதிப்பாளர்கள் படித்துப் பார்த்து, எந்த நிபந்தனை நடைமுறைக்கு ஒத்துவராது என்று தோன்றுகிறதோ அதை ஓரத்தில் குறியுங்கள். மற்றவர்கள் ஒப்புதல் இருந்தால் கையெழுத்திடலாம். கையெழுத்துத் தாள்களை ஸ்கேன் செய்து தனி இணைப்பாக வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் மட்டும் எழுத்துக் கோப்பாகவே போகும்.